விசுவமடுவிலிருந்து ஒரு கேள்வி: படம் திருத்த எங்கிருந்து பழகுவது?

விசுவமடு_பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். முடித்துவிட்டு எங்கள் சந்தியில் உள்ள கொமினிகேசன் ஒன்றில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அசைன்மென்ட், இவைதான் வழக்கமான வேலை. கொஞ்ச நாளாக ஆக்கள் பழைய படங்களைக் கொண்டுவந்து "இதை வடிவாக்கித் தர ஏலுமோ" என்று கேட்கிறார்கள். அநேகமானவை ஈரத்தில் கிடந்தவை, மடிந்தவை, கறையான் அரித்தவை. கடையில் 4 ஜிபி ராம் உள்ள லப்டொப் ஒன்றும், ஸ்கானரோடு சேர்ந்த பிரிண்டர் ஒன்றும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது போனில் பில்டர் போடுவது மட்டும்தான்.

முதலாளி யாரிடமோ போட்டோசொப் டிவிடி வாங்கித் தருகிறேன் என்கிறார். வவுனியாவில் ஆறுமாதக் கோர்ஸ் ஒன்று இருக்கிறதாம், காசைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. கோர்ஸ் போகத்தான் வேண்டுமா? முதலில் எதைப் பழக வேண்டும்?

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, கோர்சை இப்போதைக்கு விடுங்கோ. நான் கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறவன். கோர்ஸ் முடித்து வந்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறேன். கலியாண அல்பத்துக்கு ரெடிமேட் டிசைனில் படத்தை இழுத்துப் போடத் தெரிகிறது. மூக்கடியில் விழுந்த ஒரு நிழலைக் குறைக்கச் சொன்னால் முழிக்கிறார்கள்.

டிவிடியும் வேண்டாம். களவுப் பிரதி சட்டப்படி பிழை என்பது ஒரு பக்கம். கடை லப்டொப்பில் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் கிடக்கும்போது, யாரோ உடைத்த மென்பொருளை அதில் ஏற்றுவது வலியப்போய் வைரஸ் வாங்குகிற வேலை.

ஜிம்ப் என்று ஒரு படம் திருத்துகிற மென்பொருள் இருக்கிறது. 1996இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் லப்டொப்பில் ஓடும். அல்லது பிரவுசரில் போட்டோபீயைத் திறங்கோ. பார்க்க அப்படியே போட்டோசொப். பிரவுசரில் ஓடினாலும் நீங்கள் திறக்கும் படம் இன்னொருவரின் சேவருக்குப் போவதில்லை, எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. அதனால் டேட்டாவையும் பெரிதாகத் தின்னாது. ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். போட்டோசொப்பின் குறுக்குவிசைகளே பெரும்பாலும் அதிலும் வேலை செய்வதால், பிறகு எந்த ஸ்ரூடியோவுக்குப் போனாலும் கை தடுமாறாது.

சரி, முதலில் எது? லேயர். வேறு எதற்கும் முன்னர் லேயர். லேயர் என்றால் படத்தின் மேல் விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி, அதில் செய்வது கீழே உள்ள படத்தைத் தொடாது. போட்டோசொப் 1990இல் வந்தது, லேயர் 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் படத்தின் மேல் செய்த திருத்தம் படத்தோடு ஒட்டிவிடும். இப்போது அந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் பலர் இன்றும் ஒரே லேயரில்தான் வேலை செய்கிறார்கள். நீங்கள் அப்படிப் பழகாதீங்கோ. படத்தைத் திறந்ததும் அதைப் பூட்டிவிட்டு மேலே ஒரு வெறும் லேயர் போடுங்கோ. கறை எடுப்பது, கீறல் மறைப்பது எல்லாம் அந்த வெறும் லேயரில். ஹீலிங் பிரஷ்சுக்குக் கீழே உள்ள படத்தைப் பார்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். ஜிம்ப்பில் அதற்குச் "சாம்பிள் மேர்ஜ்ட்" என்று ஒரு டிக் இருக்கிறது. நாளைக்கு ஒரு அம்மா வந்து "என்ர பிள்ளையின்ர மச்சத்தை ஏன் எடுத்தனீங்கள்" என்று கேட்டால், மேல் லேயரில் அந்த இடத்தை மட்டும் அழித்தால் மச்சம் திரும்பி வரும்.

பிறகு ஹீலிங், குளோன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். குளோன் ஓரிடத்தில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும். ஹீலிங் அந்த இடத்தின் சொரசொரப்பை எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் போய்ச்சேருகிற இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடும். கன்னத்தில், நெற்றியில், வெறும் சுவரில் ஹீலிங் நன்றாக வேலை செய்யும். ஆனால் தலைமயிரும் நெற்றியும் சந்திக்கிற விளிம்பில் ஹீலிங்கை வைத்தால் மயிரின் கறுப்பை நெற்றிக்குள் இழுத்துப் பூசிவிடும். விளிம்புகளில் குளோன்தான். பிரஷ்சின் அளவைக் கறையைவிடக் கொஞ்சம் பெரிதாக வையுங்கோ. ஒவ்வொரு தொடுகைக்கும் மாதிரி எடுக்கிற இடத்தை மாற்றுங்கோ. மாற்றாவிட்டால் ஒரே புள்ளிக்கூட்டம் மூன்று நான்கு இடத்தில் தெரியும், பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

இந்த இரண்டும் கைக்கு வரும்வரை வேறொன்றையும் தொட வேண்டாம்.

கிரவல்_ரோடு எழுதியது:

போனிலேயே ஸ்னாப்சீட் இருக்கிறதே அண்ணை. இலவசம், விளம்பரமும் இல்லை. அதிலும் ஹீலிங் இருக்கிறது. லப்டொப் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை ஏன் பயப்படுத்துகிறீர்கள்?

குளக்கட்டு எழுதியது:

பயப்படுத்தவில்லை தம்பி. வெளிச்சம் கூட்ட, குறைக்க, படத்தைச் சரியாக வெட்ட ஸ்னாப்சீட் நல்லது. நானே வெளியில் போனால் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் அதில் ஹீலிங்குக்கு எங்கிருந்து எடுப்பது என்று நாம் சொல்ல முடியாது, அது தானாகத் தெரிவு செய்யும். முகத்தின் நடுவில் கோடு போனால் அதை வைத்துச் சமாளிக்க ஏலாது.

முள்ளியவளை_சேர் எழுதியது:

குளக்கட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் ஹிஸ்டோகிராமை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை எந்த வெளிச்சம் படத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மேடாகக் காட்டுகிற வரைபைப் பார்க்காமல் "பிரைட்னஸ்" கட்டையை இழுக்கிறார்கள். அதை இழுத்தால் படம் முழுவதும் ஒன்றாக வெளிக்கும், கறுப்பு சாம்பலாகிவிடும். லெவல்ஸ் திறந்து பாருங்கள். இடது ஓரம் 0, அது முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. மங்கிய பழைய படமென்றால் மேடு நடுவில் ஒடுங்கி நிற்கும், இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். கறுப்பு முக்கோணத்தை மேடு தொடங்குகிற இடத்துக்கும் வெள்ளை முக்கோணத்தை முடிகிற இடத்துக்கும் கொண்டுபோனால் படம் எழும்பி வரும்.

கலர்ப் படமானால் இதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். 80களில் எடுத்த கலர்ப் படங்கள் பெட்டிக்குள் கிடந்தே செம்மஞ்சளாகிப் போயிருக்கும். அவற்றில் பெரும்பாலும் சியான் சாயம்தான் முதலில் மங்கியது. சிவப்புச் சனலை மட்டும் எடுத்து அதன் மேட்டைச் சரிப்படுத்தினால் பாதி வேலை அங்கேயே முடியும்.

இன்னொன்று, வட்ஸ்அப். யாராவது வெளிநாட்டிலிருந்து பழைய படத்தை அனுப்பினால் படமாக அனுப்ப வேண்டாம், டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். ஜேபெக் என்பதே படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததை எறிந்துவிட்டுச் சேமிக்கிற முறை. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் எறியப்படும், கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். வேலை நடக்கும்வரை ஜிம்ப்பில் எக்ஸ்சிஎப் கோப்பாக, போட்டோபீயில் பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். கடைசியில் பிரிண்டுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஜேபெக்.

விசுவமடு_பிள்ளை எழுதியது:

மெத்தப் பெரிய உதவி. ஜிம்ப் இறக்கிவிட்டேன், ஹீலிங்கும் ஓரளவு பிடிபட்டுவிட்டது. இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

உடையார்கட்டிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த படம். மகனுடையது. ஏதோ ஒரு அட்டையிலிருந்து உரித்தெடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பாஸ்போர்ட் அளவு. தோளின் மேல் நீல மையில் அரைவட்டமாக முத்திரை. இடது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் தேத்தண்ணி நிறத்தில் ஈரக்கறை. நெற்றிக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு. முகாமில் இருந்தபோது யாரோ லமினேற் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே காற்றுக் குமிழும் இருக்கிறது. இந்த ஒரு படம்தானாம் மிச்சம். ஏ4 அளவில் பெரிதாக்கிக் கேட்கிறா. லமினேற்றை உரிக்கலாமா?

முள்ளியவளை_சேர் எழுதியது:

உரிக்க வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். லமினேற்றின் பசை படத்தின் மேற்படையோடு ஒட்டியிருக்கும், உரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படங்களுக்கும் இதே கதைதான், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ண வேண்டும்.

லமினேற்றின் மேற்பக்கத்தை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு ஸ்கானரில் வையுங்கள். மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்தால் தட்டையாக அமரும். குமிழ் உள்ள இடத்தில் ஒளி தெறித்தால் படத்தை 180 பாகை திருப்பி இரண்டாவது தரம் ஸ்கான் பண்ணுங்கள். ஸ்கானரின் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருவதால் தெறிப்பு இரண்டிலும் ஒரே இடத்தில் விழாது. இரண்டையும் இரண்டு லேயராகப் பொருத்தி, தெறிப்புள்ள இடத்தை மாஸ்க்கால் (லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கிற கருவியால்) மறைத்தால் சரி.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கான் பண்ணாதீர்கள். கலரில் பண்ணுங்கள். ஸ்கானரின் தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஏன் கலர் என்றால் உங்கள் படத்தில் இரண்டு கறை, இரண்டும் வேறு வேறு நிறம். ஜிம்ப்பில் கலர்ஸ் மெனு, அதற்குள் கொம்போனன்ட்ஸ், அதில் டீகொம்போஸ். ஆர்ஜிபி என்று தெரிவு செய்தால் மூன்று சாம்பல் நிற லேயர் கிடைக்கும். தேத்தண்ணிக் கறை நீல ஒளியைத்தான் விழுங்குகிறது, எனவே நீல லேயரில் கன்கறுப்பாகத் தெரியும், சிவப்பு லேயரில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நீல முத்திரை அதற்கு மாறு. சிவப்பில் கறுப்பாக நிற்கும், நீலத்தில் மங்கிவிடும்.

ஆகவே சிவப்பு லேயரை அடிப்படையாக வையுங்கள், கன்னம் அதில் சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் நீல லேயரை வைத்து, அதற்கு முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு, தோளில் முத்திரை உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷ்சால் மாஸ்க்கைத் தடவுங்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். இரண்டு லேயரின் வெளிச்சமும் ஒத்துப்போகாவிட்டால் மேல் லேயருக்கு மட்டும் கேர்வ்ஸ் (வளைகோட்டை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) பாவியுங்கள். மிச்சம் இருக்கப்போவது அந்த நெற்றிக்கோடு மட்டும்தான். கறையை நேரே ஹீலிங்கால் எடுக்கத் தொடங்கியிருந்தால் கன்னம் முழுவதையும் நீங்களே புதிதாக வரைந்திருப்பீர்கள்.

பரந்தன்_பொடியன் எழுதியது:

சேர், இவ்வளவு பாடுபட வேண்டுமா? இப்போது ஏஐ செயலிகள் இருக்கின்றன. படத்தைப் போட்டால் அரை நிமிடத்தில் கமராவில் நேற்று எடுத்த மாதிரி வரும். நான் எங்கள் அப்பப்பாவின் படத்தைப் போட்டேன், கண்ணிமை மயிர்கூட எண்ணலாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், சாமியறையில் மாட்டியிருக்கிறார்கள்.

குளக்கட்டு எழுதியது:

அந்தக் கண்ணிமை உங்கள் அப்பப்பாவுடையதா தம்பி?

பரந்தன்_பொடியன் எழுதியது:

அண்ணை, சாமியறையில் மாலை போடுகிற படத்துக்கு அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள். வடிவாக இருந்தால் போதும்.

முள்ளியவளை_சேர் எழுதியது:

சாமியறைக்குப் போதும் என்றால் அது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முகங்களைச் சீர்செய்கிற ஜிஎப்பிகான் என்ற மென்பொருள் 2021இல் வந்தது, பிரபலமானது. அதைப் பழக்கியது எப்எப்எச்கியூ என்ற முகத் தொகுப்பில். 2019இல் என்விடியா ஆய்வாளர்கள் பிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் அதில் உள்ளன. மங்கிய முகம் ஒன்றைக் கொடுத்தால், அது மறைந்திருந்த விபரத்தைத் தோண்டி எடுப்பதில்லை. அங்கே விபரமே இல்லையே. அது பார்த்த முகங்களிலிருந்து இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருந்தால் பொருந்தும் என்று ஒரு கண்ணைச் செய்து வைக்கிறது. பிளிக்கரில் படம் ஏற்றியவர்களின் முகங்களுக்குள் வன்னி முகம் எத்தனை இருந்திருக்கும்?

உடையார்கட்டு அம்மாவின் படம் அப்பப்பாவின் படம் போன்றதல்ல. அந்த மகன் இறந்துவிட்டாரா, காணாமல் ஆக்கப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. தங்கச்சியும் கேட்டிருக்க மாட்டா, கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுடைய போராட்டத்தில் அம்மாமார் கையில் வைத்திருந்தது இப்படிப் பெரிதாக்கிய படங்களைத்தான். அது யாரோ ஒருவர் பார்த்து "இவரை நான் இன்ன இடத்தில் கண்டேன்" என்று சொல்வதற்கான படம். அதில் கண்ணை வேறு ஆளின் கண்ணாக மாற்றிவிட்டு, கூர்மையாக வந்திருக்கிறது என்று மகிழ்வது சரியில்லை. மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். மங்கலான முகத்தைத் தாய் அடையாளம் காண்பாள்.

பரந்தன்_பொடியன் எழுதியது:

சரி சேர், அந்த மாதிரிப் படத்துக்கு நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் பின்னணிக்கு, உடுப்புக்குப் பாவிக்கலாமா? போட்டோசொப்பிலேயே 2023இலிருந்து ஜெனரேட்டிவ் பில் இருக்கிறதே.

குளக்கட்டு எழுதியது:

கிழிந்த மூலை, கறையான் தின்ற திரைச்சீலை, அதற்குத் தாராளமாகப் பாவி. அதுகூட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நெகட்டிவ் காலத்திலும் ஸ்ரூடியோக்காரர் கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் டச் பண்ணித்தான் கொடுத்தார்கள், யாரும் கைபடாத படம் என்று ஒன்று இருந்ததில்லை. முகத்துக்குள் மட்டும் போகாதே. வாடிக்கையாளருக்கு எதை மாற்றினாய் என்று சொல்லிவிடு.

வட்டாப்பளை_அக்கா எழுதியது:

நான் பொம்பிளை அலங்காரம் செய்கிறனான். படம் திருத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, இந்த இழையில் சொல்லிவிடுகிறேன். சாமத்தியவீட்டுக்கு ஒரு பிள்ளையை அதன் நிறத்துக்குப் பொருத்தமாக, இரண்டு மணித்தியாலம் இருந்து அலங்கரித்து விடுகிறேன். அல்பம் வரும்போது முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, கழுத்து வேறு நிறம், கை வேறு நிறம். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. போன மாதம் ஒரு பிள்ளை தன் அல்பத்தைப் பார்த்துவிட்டு "இது நானில்லை" என்று சொல்லி அழுதது. ஸ்ரூடியோக்காரரைக் கேட்டால் தாய்தகப்பன் கேட்டது என்கிறார்.

கிரவல்_ரோடு எழுதியது:

கேட்கிறார்கள்தான் அக்கா. வெள்ளையாக்காவிட்டால் அடுத்த விசேசத்துக்கு வேறு ஸ்ரூடியோவுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் என்ன செய்வது.

குளக்கட்டு எழுதியது:

அக்கா சொல்வது உண்மை. கிரவல் ரோடு சொல்வதும் உண்மை. ஆனால் ஒன்று, சனம் "வெள்ளையாக்கு" என்று கேட்கும்போது பாதிப்பேர் உண்மையில் கேட்பது வெளிச்சத்தை. எங்கள் ஊர் மத்தியான வெயிலில், பந்தலுக்கு வெளியே நிற்க வைத்து எடுத்தால் கண்குழியில் கறுப்பு விழும். கிரவல் நிலத்தில் பட்டுத் தெறிக்கிற ஒளி தாடையின் அடியைச் செம்மண் நிறமாக்கும். வீட்டுக்காரர் பார்த்து "பிள்ளை கறுத்துப்போனாள்" என்கிறார்கள். அது தோல் நிறமில்லை, நிழல். நிழலை எடுத்துக் கொடுத்தால் அதற்குமேல் கேட்பவர் குறைவு.

எப்படி என்றால், 50 வீதச் சாம்பல் நிரப்பிய லேயர் ஒன்றைப் போட்டு அது கீழுள்ள படத்தோடு கலக்கிற முறையை (மோட்) சொப்ட் லைட் ஆக்குங்கோ. சாம்பல் மறைந்துவிடும். அதன் மேல் வெள்ளைப் பிரஷ், ஒபாசிட்டி 5 வீதம்கூட வேண்டாம், கண்ணுக்குக் கீழே மெல்ல மெல்லத் தடவினால் நிழல் விலகும். கறுப்பால் தடவினால் கன்ன ஓரம் இறங்கும். தோலின் துவாரம், மயிர் எதுவும் அழியாது. புளர் போட்டு மினுக்கினால் முகம் பிளாஸ்டிக் பொம்மைதான். செம்மண் சாயலுக்குத் தாடையடியை மட்டும் தெரிவு செய்து, கலர் பலன்சில் சிவப்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கோ.

திருத்தும்போது எண்களையும் பாருங்கோ. ஐட்ரொப்பரை (நிறத்தை அளந்து காட்டுகிற கருவியை) நெற்றியில் வைத்தால் மூன்று எண் காட்டும். எங்கள் தோலில் சிவப்பு கூட, பச்சை அதற்குக் கீழ், நீலம் எல்லாவற்றிலும் குறைவு. வெளிச்சம் கூட்டும்போது மூன்றும் மேலே போகலாம், ஆனால் இடையிலுள்ள தூரம் சுருங்கத் தொடங்கினால் நீங்கள் வெளிச்சம் கூட்டவில்லை, நிறத்தைக் கழுவுகிறீர்கள். முகத்தில் ஒரு எண், கழுத்தில் ஒரு எண் வந்தாலும் அப்படித்தான். அக்காவின் பிள்ளை அழுதது அதற்காகத்தான்.

வெள்ளைச் சமநிலைக்கு ஐட்ரொப்பரால் வேட்டியைக் குத்துகிற பழக்கத்தையும் விடுங்கோ. நீலம் போட்டுத் தோய்த்த வேட்டி உண்மையில் நீலச்சாயல். அதை வெள்ளை என்று கமராவுக்கோ ஜிம்ப்புக்கோ சொன்னால் அந்த நீலத்தைக் கழிப்பதற்காகப் படம் முழுவதையும் மஞ்சளாக்கும், மாப்பிள்ளை மஞ்சள் காமாலைக்காரன் மாதிரி நிற்பான். பூசாத சீமெந்துச் சுவர் ஒன்று படத்தில் இருந்தால் அதைக் குத்துங்கோ, நடுச் சாம்பலுக்குக் கிட்ட வரும்.

வட்டாப்பளை_அக்கா எழுதியது:

நன்றி தம்பி. உங்கட ஸ்ரூடியோ எங்கே இருக்கிறதென்று தனிமடலில் சொல்லுங்கோ, வாற மாதம் எனக்கு இரண்டு கலியாணம் இருக்கு.

ஏ9_பயணி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். அடையாள அட்டைப் படத்துக்கும் இந்த டச்சிங் எல்லாம் செய்யலாமா? எங்கள் கடையில் கேட்கிறார்கள்.

குளக்கட்டு எழுதியது:

கூடாது. அடையாள அட்டைப் படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரம் இருக்கிறது. முகத்தைக் கணினி அளந்து ஒப்பிடுகிற காலத்தில் மச்சம், தழும்பு, முகவெட்டு எதையும் தொட்டால் பிறகு கஷ்டப்படுவது அட்டைக்காரர்தான். பதியாத கடை என்றால் அந்த வேலையையே எடுக்காதீங்கோ.

விசுவமடு_பிள்ளை எழுதியது:

சேர், சொன்னபடி கலரில் ஸ்கான் பண்ணி டீகொம்போஸ் போட்டேன். சிவப்பு லேயரில் கன்னத்துக் கறை உண்மையாகவே இல்லை! முத்திரைக்கு நீல லேயரை வைத்து மாஸ்க் பண்ணினேன், தோளில் ஒரு நிழல் மாதிரி மிச்சம் இருந்தது, அதைக் குளோனால் எடுத்துவிட்டேன். நெற்றிக்கோட்டில் புருவத்துக்குக் கிட்ட வரும்போதுதான் நிற்கிறேன். கோடு புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஹீலிங் போட்டால் புருவம் கரைந்து போகிறது. மற்றப் புருவத்தைப் பிரதி எடுத்துத் திருப்பி வைக்கலாமா?

முள்ளியவளை_சேர் எழுதியது:

வேண்டாம். இரண்டு புருவமும் ஒருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, திருப்பி வைத்தால் ஒளி விழுகிற பக்கமும் மாறிவிடும். அதே புருவத்தில் கோட்டுக்கு மேலும் கீழும் நல்ல மயிர் இருக்கிறதல்லவா, அங்கிருந்து குளோன். பிரஷ்சை இரண்டு மூன்று மயிர் அகலத்துக்குச் சிறிதாக்குங்கள், விளிம்பைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். மயிர் போகிற சாய்விலேயே சிறு சிறு கோடாக இழுங்கள். 200 வீதத்துக்குப் பெரிதாக்கி வேலை செய்து, அடிக்கடி முழுப்படத்துக்குத் திரும்பிப் பாருங்கள். பெரிதாக்கிய நிலையிலேயே இருந்தால் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் தோலையெல்லாம் தேய்த்துவிடுவீர்கள்.

விசுவமடு_பிள்ளை எழுதியது:

சரி சேர், அப்படியே செய்கிறேன். கடைசிக் கேள்வி, ஏ4க்குப் பெரிதாக்கினால் உடைந்து தெரியாதா? 600 டிபிஐயில்தான் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணியிருக்கிறேன்.

குளக்கட்டு எழுதியது:

கணக்குப் பார்ப்போம். 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 827க்கு 1063 பிக்சல். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். ஆக அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் விழும். கையில் வைத்துக் கிட்டப் பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், நாலைந்து அடி தள்ளி நின்றால் அந்த மங்கல் தெரியாது. ஸ்கானரின் ஒப்டிக்கல் அளவு 1200 என்று அதன் விபரத்தில் போட்டிருந்தால் 1200இல் திரும்ப எடுக்கலாம், 200 கிடைக்கும். இன்டர்போலேற்றட் என்று போட்டிருந்தால் பயனில்லை, அது இருக்கிற பிக்சலை நீட்டிக் காட்டுகிறது. ஆனால் திரும்ப எடுத்தால் செய்த வேலை எல்லாம் முதலிலிருந்து.

என்னைக் கேட்டால் இப்போதுள்ளதையே வைத்து, முகத்தை ஏ4 முழுக்க நிரப்பாமல் சுற்றிவர வெள்ளை விட்டு, அரை ஏ4 அளவில் அடியுங்கோ. ஜிம்ப்பில் ஸ்கேல் இமேஜ் போகும்போது கியூபிக் அல்லது நோஹாலோ தெரிவு செய்யுங்கோ. கூர்மையாக்கல் கடைசியில், அளவை மாற்றிய பிறகுதான், அதுவும் கொஞ்சமாக. மினுங்கல் தாள் வேண்டாம், மற் தாள். வெளியில் வெயிலுக்குள் பிடித்தால் மினுங்கலில் வானம்தான் தெரியும்.

விசுவமடு_பிள்ளை எழுதியது:

அம்மா ஏ4 முழுக்க வேண்டும் என்றுதான் கேட்டவா அண்ணை. அரை அளவென்றால் சம்மதிப்பாவோ தெரியாது.

குளக்கட்டு எழுதியது:

அப்போ இரண்டு அளவிலும் சாதாரணத் தாளில் ஒவ்வொன்று அடித்துக் காட்டுங்கோ, அவவே தெரிவு செய்யட்டும். தாள் காசை முதலாளியிடம் நான் சொல்லி விடுகிறேன் என்று சொல்லுங்கோ.

முள்ளியவளை_சேர் எழுதியது:

அடித்த கையோடு லமினேற் பண்ண வேண்டாம் பிள்ளை, இங்க்ஜெட் மை உள்ளே வேர்த்துவிடும். ஒரு நாள் காயவிட்டுப் பிறகு செய்யுங்கள். பழைய படத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது, ஸ்கான் பண்ணிய மூலக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். திருத்தியதையும் திருத்தாததையும் இரண்டு கோப்பாக.

விசுவமடு_பிள்ளை எழுதியது:

சரி சேர். புருவம் முடிந்ததும் முகத்தை மறைத்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.